சனிக்குப் பயந்து வாங்கிய வீடு

மாமா அன்றைக்கு ஒரே ஒரு சொல்தான் சொன்னார். அதற்குப் பிறகு பத்து நாட்கள் எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

மாமா என்றால் என் மனைவி வசந்தியின் அப்பா. வயது எண்பத்து நான்கு. பிரெஞ்சு பேசுகிற லவால் நகரில் எங்களோடுதான் இருந்தார். இந்தப் பனி மாரி முடிகிற நேரத்தில் பாரிசவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. புத்திக்கு ஒன்றும் இல்லை. வாய்க்கும் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிச் சூப்பைப் பற்றி அவர் சொன்ன கருத்துகளை இந்தப் பத்தியில் அச்சிட முடியாது.

ஆனால் அவரைத் தூக்கி இருத்த இரண்டு பேர் வேண்டும். குளிக்க வார்க்கவும் இரண்டு பேர் வேண்டும். நான் டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. வசந்தி காலை ஆறரைக்கே ஊரார் பிள்ளைகளைப் பார்க்க கார்டெறிக்குப் போய்விடுவாள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். தகப்பனைப் பற்றி அந்தப் பழமொழியில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரசாங்கம் நடத்தும் முதியோர் பராமரிப்பு நிலையம் ஒன்றில்தான் இனிமேல் இருக்க வேண்டும். வில்லரேயில் ஒரு கட்டில் வரப்போகிறது என்றார்கள். வேலை முடிந்து வரும் வழியில் மெட்ரோவால் இறங்கி, பார்த்துவிட்டு வரலாம். மனம் கனத்தாலும், பரவாயில்லை என்று தேற்றிக்கொண்டோம்.

அரசாங்க நிலையம் என்றால் இலவசம் என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்...

கட்டில் கிடைப்பது உடம்பு வருத்தத்தைப் பொறுத்தது. மாதாமாதம் எவ்வளவு கட்டுவது என்பது வசதியைப் பொறுத்தது. முழுக் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. அது மாமாவின் ஓய்வூதியத்தைவிடக் கூட. வசதி இல்லாதவர்களுக்குக் குறைப்பார்கள். அதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும் — வருமானம் என்ன, வங்கியில் என்ன, சொத்து என்ன? மாமாவிடம் என்ன பெரிதாக இருக்கிறது? ஓய்வூதியம், இரண்டு குளிர்க் கோட், ஒரு ரேடியோ. ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன்.

படிவத்தோடு வந்தவர் எலென் என்கிற சமூக சேவையாளர். நல்ல பெண். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, எங்களைப் பார்க்காமல் மாமாவின் முகத்தைப் பார்த்தே கேள்விகளைக் கேட்டார். வசந்தி அதைத் தமிழில் சொல்வாள், மாமா பதில் சொல்வார், வசந்தி அதைப் பிரெஞ்சில் சொல்வாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

சொத்து என்ற இடம் வந்தது. எலென் கேள்வியைக் கேட்டு முடித்தார். வசந்தி தமிழில் சொல்ல வாய் திறக்கும் முன்பே மாமா இடது கையால் தன் நெஞ்சைத் தொட்டார்.

"புரொப்ரியேத்தேர்!"

வீட்டுச் சொந்தக்காரர். மாமாவுக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொற்கள் மொத்தம் நாலு. பொன்சூர், மெர்சி, மூலைக் கடைக்கு டெப்பனர்... நாலாவது இது. எலெனின் கேள்விக்குள்ளும் இது இருந்தது.

எலென் சிரித்தபடியே அந்தக் கட்டத்தில் புள்ளடி போட்டார். வசந்தி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மாமா சொன்னது பொய் இல்லை. அதுதான் பிரச்சினை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். நான் இரண்டே இரண்டு விஷயங்களை வைத்துத்தான் வருடக்கணக்காகக் காலத்தை ஓட்டுகிறேன். ஒன்று, சாத்திரம் பார்ப்பவர்களைக் கிண்டல் செய்வது. மற்றது, சீதனம் வாங்காமல் கலியாணம் கட்டியவன் என்று பீற்றிக்கொள்வது. இன்றைக்கு முதலாவதைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லெறியாமல் கேளுங்கள்.

பதினான்கு வருடங்களுக்கு முன் இந்த வீட்டைப் பார்த்து, விலை பேசினோம், வங்கியும் ஓம் என்று சொல்லிவிட்டது. அப்போது உயிரோடு இருந்த மாமி யாழ்ப்பாணத்துச் சாத்திரியார் ஒருவருக்கு டெலிபோன் எடுத்தார். எனக்கு ஏழரைச் சனியாம். வசந்திக்கு அட்டமத்துச் சனியாம். எங்கள் இரண்டு பேரில் யாருடைய பெயரில் வாங்கினாலும் கூரை நிலைக்காதாம். மாமாவின் சாதகத்தில் மட்டும் வீட்டுக்குரிய இடம் அந்த மாதிரி நன்றாக இருக்கிறதாம்.

நான் என்ன செய்தேன்? முதல் நாள் சிரித்தேன். இரண்டாம் நாள் வாதாடினேன். மூன்றாம் நாள் மாமி சாப்பிடாமல் படுத்துவிட்டார். நாலாம் நாள் எல்லோருமாக நோட்டரிக்கு முன்னால் போய் இருந்தோம். கடன் எங்கள் இரண்டு பேருக்கும். வீடு மாமாவுக்கு. "நிச்சயமாகத்தானா?" என்று நோட்டரி மூன்று தடவை கேட்டார். சனியைப் பற்றி அந்த மனிதருக்கு எப்படி விளக்குவது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாமிக்காகத்தான் ஒத்துக்கொண்டேன் என்று இவ்வளவு காலமும் சொல்லிவந்தேன். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பயம் இருந்தது.

சனி இறங்கியதும் பெயரை மாற்றிவிடுவோம் என்பதுதான் திட்டம். சனி இறங்கினார். "பேந்து மாத்துவம்" என்றாள் வசந்தி. மாற்றினால் அதற்கொரு வரி, நோட்டரிக்குக் கூலி. பிறகு பார்க்கலாம் என்கிற அந்தப் பேந்து எனக்கும் நல்லதாகத்தான் பட்டது. பேந்து, பேந்து என்று மாமியும் போய் ஒன்பது வருடமாகிவிட்டது.

இதற்கிடையில் மாமா உண்மையாகவே சொந்தக்காரர் ஆகிவிட்டார். வருடா வருடம் நகரசபை வரித் துண்டு அவர் பெயரில்தான் வரும். கண்ணாடியைப் போட்டு, கத்தியால் உறையைக் கீறி, மேசையில் விரித்து வைப்பார். "எனக்கு வரி வந்திருக்கு" என்பார். நான் கட்டுவேன். பக்கத்து வீட்டுக்காரரோடு வேலிச் சண்டைக்குப் போவதும் அவர்தான். அந்த மனிதர் அவரை "மிசியூ புரொப்ரியேத்தேர்" என்று கூப்பிடுவார். மாமா அந்தச் சொல்லை வரித் துண்டில் தேடிக் கண்டுபிடித்து, அடியில் கோடு போட்டு வைத்திருந்தார்.

நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

இப்போது ஆஸ்பத்திரிக்கு வருவோம். எலென் எங்களை வெளியே கூப்பிட்டு விளக்கினார். மனைவி உயிரோடு அந்த வீட்டில் இருந்தால் கதை வேறு. வளர்ந்த மகளும் மருமகனும் அங்கே இருப்பது கணக்கில் வராது. பத்திரத்தில் அவர் பெயர் இருக்கிறது, ஆகவே வீடு அவருடைய சொத்து. இவ்வளவு சொத்து இருக்கிறவருக்கு முழுக் கட்டணம்தான் வரும். படிவம் அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி போக வேண்டும்.

முழுக் கட்டணத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் இடையில் இருக்கிற ஓட்டையை யார் அடைப்பது? ஹோட்டலில் எனக்கு வேலை கிழமைக்கு நாலு நாளாகக் குறைந்துவிட்டது. வீட்டுக் கடன் இன்னும் இருக்கிறது. மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நானும் வசந்தியும் குசினி மேசையில் இருந்து எப்படிக் கூட்டிக் கழித்தாலும் ஒரே விடைதான் வந்தது — வீட்டை விற்க வேண்டும். கூரை நிலைக்காது என்று சாத்திரியார் சொன்னது இப்படித்தான் பலிக்கப்போகிறதா?

அவசரமாகப் பெயரை மாற்றிவிட்டால்? வேலையிடத்தில் எல்லோரும் சட்ட நிபுணர்கள். "நாளைக்கே பெண்சாதியின்ரை பேருக்கு எழுது" என்று அடித்துச் சொன்னார்கள். அதையும் படிவம் கேட்கிறது — அண்மையில் யாருக்காவது சொத்து எதையும் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால், இன்னும் உங்களிடம் இருப்பதாகவே கணக்கில் எடுப்பார்களாம். இந்தப் படிவத்தை எழுதியவருக்கும் ஒரு மருமகன் இருந்திருக்க வேண்டும்.

அதே நோட்டரியிடம் ஓடினோம். தலை முழுக்க நரைத்திருந்தது. எங்களை ஞாபகம் வைத்திருந்தார். மூன்று தடவை கேட்டதையும் ஞாபகம் வைத்திருந்தார்.

ஒரு வழி இருக்கிறது என்றார். முற்பணத்திலிருந்து போன மாதத் தவணை வரை நாங்கள்தான் கட்டினோம் என்பதற்கு வங்கிப் பதிவுகள் இருக்கின்றன. "இந்த வீடு ஒருபோதும் என்னுடையதாக இருக்கவில்லை, என் பெயரை மட்டும் கொடுத்தேன்" என்று மாமா எழுத்தில் சொல்ல வேண்டும். இரண்டையும் சேர்த்து அனுப்பலாம். ஏற்பதும் விடுவதும் அவர்கள் கையில். பிரெஞ்சில் ஒரு பக்கம் அடித்துத் தந்தார். "அவருக்கு விளங்கும் மொழியில் முழுவதையும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும்" என்று என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

ஒருபோதும் என்னுடையதாக இருக்கவில்லை. இந்த வசனத்தை மாமாவுக்கு யார் வாசித்துக் காட்டுவது?

"நான் மாட்டன்" என்றாள் வசந்தி. "மற்றப் பேப்பருகளோடை சேர்த்து வையுங்கோ. நீங்கள் நீட்டினால் அப்பா கேள்வி கேக்காமல் கையெழுத்து வைப்பார்."

"வாசிச்சுக் காட்டச் சொன்னவர் எல்லே?"

"அவருக்கு என்ன, சொல்லிப்போட்டுப் போவார். அப்பா அங்கை போய் எத்தினை நாளைக்கு இருக்கப்போறாரோ தெரியாது. உன்ரை வீடில்லை எண்டு சொல்லியோ அனுப்பிறது?" சொல்லிவிட்டு, தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டு அழுதாள். பைப் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்தாள்.

அடுத்த நாள் டொரோண்டோவிலிருந்து ரமணன் டெலிபோன் எடுத்தான். வசந்தியின் தம்பி.

"அத்தான், அப்பாட்டை என்னவோ கையெழுத்து வாங்கப்போறியளாம். வீடு அப்பாட பேரிலைதானே கிடக்கு... நான் ஒண்டும் கேக்கேல்லை. சும்மா கேட்டனான்."

சும்மா கேட்பவர்களுக்குத்தான் நான் பயம். விளக்கமாகச் சொன்னேன். "ஓம், ஓம்" என்றான். நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை. பதினான்கு வருடம் மாதம் தவறாமல் கட்டியவன் நான். இப்போது கள்ளனைப் போல நிற்பவனும் நான்! எனக்கு வந்த கோபத்தில் யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. சாத்திரியாரையா, மாமியையா, என்னையா?

படிவம் வெள்ளிக்கிழமை போக வேண்டும். வியாழன் மத்தியானம் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கோப்பில் நாலு தாள்கள். வங்கி அனுமதி, முகவரி மாற்றம், அந்தத் தாள், மருந்துக்கடைத் தாள். அதை ஏன் மூன்றாவதாக வைத்தேன்? முதலாவதாக வைத்தால் வடிவாகப் பார்ப்பார். கடைசியாக வைத்தால் அதற்குப் பிறகு கதைக்க நேரம் இருக்கும். பாருங்கள், எவ்வளவு யோசித்திருக்கிறேன்! வசந்தி கெஞ்சினாள் என்று சொல்லித் தப்பலாம். ஆனால் தாள்களை அடுக்கியது என் கை.

மாமா சாய்ந்து இருந்தார். இடது கையால் கையெழுத்து வைக்கப் பழகியிருந்தார். பழைய செய்தித்தாளின் ஓரமெல்லாம் அவருடைய பெயர். முதலாவது தாளில் வைத்தார். இரண்டாவதில் வைத்தார். மூன்றாவதை நீட்டினேன். பேனை தாளில் பட்டுவிட்டது. பிறகு நின்றுவிட்டது.

"இது என்ன பேப்பர் தம்பி?"

இன்சூரன்ஸ் என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"வீட்டு நம்பர் கிடக்கு. என்ரை பேர் கிடக்கு. புரொப்ரியேத்தேர் எண்டும் கிடக்கு... வரித் துண்டிலை வாற சொல்லு."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கவில்லை. அதுதான் என்னை உடைத்தது. வீட்டுக்கு வரும் கடிதம் ஒன்றைப் பற்றிக் கேட்பது போலத்தான் கேட்டார். தாளை வாங்கி, முதல் வரியிலிருந்து தமிழில் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. ஏன் இந்தத் தாள் வேண்டும் என்பதையும் சொன்னேன். கட்டணத்தைச் சொன்னேன். என் வேலை குறைந்ததைச் சொன்னேன் — அது அவருக்கு அதுவரை தெரியாது. பக்கத்துக் கட்டில்காரரின் டிவியில் யாரோ சிரித்துச் சிரித்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாமா பேனையை என்னிடம் திருப்பித் தந்தார்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் ஆரின்ரை வீட்டிலை இருந்தனான்?"

தாளை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"வீட்டை விக்க வேண்டி வருமோ?"

"வரலாம் மாமா."

"அப்ப இப்பிடி எழுதும். வசந்திக்கு நான் வீட்டைக் குடுக்கிறன் எண்டு எழுதும். இப்பவே வைக்கிறன்."

"அப்பிடி எழுதினால் அது உங்கட சொத்து எண்டு வந்திடும் மாமா. முழுக் காசு கேப்பினம்."

"குடுத்தாலுமோ?"

"ஓம்."

"எனக்கு ஒருநாளும் இருக்கேல்லை எண்டால்?"

"குறைப்பினம்."

மாமா கூரையைப் பார்த்துக்கொண்டு கதைத்தார். "வசந்திக்கெண்டு கட்டின வீடு சண்டையிலை இடிஞ்சு போட்டுது. நீர் சீதனம் வேண்டாமெண்டு நிண்டனீர். ஊரெல்லாம் உம்மைப் புகழ்ந்தது. நான் பிள்ளையை வெறுங்கையோடை அனுப்பின தகப்பன். இந்த வீடு என்ரை பேரிலை வந்த அண்டைக்கு, போக முந்தி இதை அவளுக்குக் குடுத்துப்போட்டுப் போவமெண்டு நினைச்சன். காசு நீர் கட்டினீர். அது எனக்குத் தெரியும். எண்டாலும் தகப்பன் குடுத்த வீடெண்டு ஒரு பேர் இருக்குமெல்லே?"

யாழ்ப்பாணத்தில் மகளுக்கு ஒரு வீடு கொடுப்பது தகப்பன் தலையில் இருக்கிற கடமை. கொடுக்காதவரை ஊர் ஒன்றும் செய்துவிடாது. அவரே தன்னைத் தண்டித்துக்கொள்வார். சீதனம் வாங்கவில்லை என்று நான் இந்தப் பத்தியில் எத்தனை தடவை மார்தட்டியிருப்பேன்! வாங்காதவனுக்குப் பெருமை, சரி. கொடுக்க முடியாமல் போனவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? இருபத்தேழு வருடத்தில் ஒரு நாள்கூட நான் அதை யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

"விடுங்கோ மாமா" என்றேன். "வைக்க வேண்டாம். நாங்கள் எப்பிடியும் பாத்துக்கொள்ளுறம்."

"என்னத்தைப் பாக்கப்போறீர்? என்ரை பிள்ளை பேந்து வாடகை வீட்டுக்கோ போறது?" சத்தமாகச் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். "பேனையைத் தாரும்."

இடது கையால் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். எழுத்துகள் கோட்டிலிருந்து சரிந்து கீழே போயின. முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. நாலாவது தாளிலும் கேட்காமலே வைத்தார். "ரமணனுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். நீர் ஒண்டும் கதைக்க வேண்டாம்" என்றார்.

எழும்பினேன். "நில்லும்" என்றார். தலையணைக்குக் கீழே கையை விட்டுத் தேடி எடுத்தார். சிவப்பு நூல் கட்டிய வீட்டுச் சாவி. ஆம்புலன்ஸில் ஏற்றிய நாளிலிருந்து அது அவரோடுதான் இருந்திருக்கிறது.

"வசந்தியிட்டைக் குடும். அப்பா தந்தவர் எண்டு சொல்லிக் குடும்."

போன கிழமை பதில் வந்தது. இரண்டு தடவை இன்னும் பத்திரங்கள் கேட்டு, குடைந்து குடைந்து பார்த்துவிட்டு, ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். கட்டணம் குறைந்துவிட்டது. வீடு தப்பியது. மாமா இப்போது வில்லரேயில் இருக்கிறார். அங்கேயும் சூப் சரியில்லையாம். ரமணன் இந்த மாதம் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனான்.

உங்களுக்கும் இப்படியே முடியும் என்று நான் சொல்லமாட்டேன். எங்களிடம் பதினான்கு வருட வங்கிப் பதிவு இருந்தது, பேனையைக் கேட்டு வாங்கிய மாமாவும் இருந்தார். நாள் பார்த்து, கோள் பார்த்து அப்பா அம்மா பெயரில் வீடு வாங்கி வைத்திருப்பவர்களே, பேந்து என்று இருக்காமல் இந்தக் கிழமையே ஒரு நோட்டரியிடம் போங்கள். சனி ஏழரை வருடத்தில் தானாக இறங்கிவிடுவார். பத்திரத்தில் ஏறிய பெயர் தானாக இறங்காது.

அன்றைக்குச் சாவியை வசந்தியிடம் கொடுத்தேன். மாமா சொன்னபடியே சொல்லிக் கொடுத்தேன். அவள் தன்னுடைய சாவியைக் கழற்றி மேசை லாச்சியில் போட்டுவிட்டாள். இப்போது வேலையால் வந்து அந்தச் சிவப்பு நூல் சாவியால்தான் கதவைத் திறக்கிறாள்.

ஆக, கலியாணம் கட்டி இருபத்தேழு வருடம் கழித்து நான் சீதனம் வாங்கியிருக்கிறேன். எந்தப் படிவத்திலும் எழுதவில்லை.